வெஸ்டர்ன் ஹாக்கி லீக்: தோற்றமும் சிறுநகரங்களில் அது வேரூன்றிய வரலாறும்

கனடாவின் மேற்கு மாகாணங்களில் நடைபெறும் இளையோர் ஐஸ் ஹாக்கித் தொடரான வெஸ்டர்ன் ஹாக்கி லீக் எப்படித் தோன்றியது, பதினாறாயிரம் பேர் வாழும் ஸ்விஃப்ட் கரண்ட் போன்ற ஊர்கள்கூட அதில் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற இரண்டும் கேட்கப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் சேர்த்தே விளக்க வேண்டும். நெடுந்தொலைவு, குறைந்த மக்கள்தொகை, நீண்ட குளிர்காலம் ஆகிய மூன்றும்தான் இந்த லீகைப் பெற்றெடுத்தன. அதன் பெருமைகளுக்கும் அதில் நடந்த கொடுமைகளுக்கும் பின்னால் இதே மூன்றும் இருக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு முதல் இருபது வயது வரையிலான வீரர்கள் ஆடும் உயர்மட்டத் தொடர்களை அங்கே ‘மேஜர் ஜூனியர்’ என்கிறார்கள். ஒன்டாரியோவுக்கு ஒன்று, கியூபெக்குக்கும் கிழக்குக் கடலோர மாகாணங்களுக்கும் ஒன்று, மேற்குக்கு ஒன்று என மூன்று தொடர்கள் உள்ளன. இவை கனடியன் ஹாக்கி லீக் என்ற பொதுக் குடையின் கீழ் வருகின்றன. மூன்றின் வாகையர்களும் போட்டியை ஏற்று நடத்தும் ஊரின் அணியும் ஆண்டின் இறுதியில் மெமோரியல் கோப்பைக்காக மோதுவார்கள். முதல் உலகப் போரில் மாண்ட கனடிய வீரர்களின் நினைவாக 1919-இல் நிறுவப்பட்ட கோப்பை அது. என்ஹெச்எல் என்னும் தொழில்முறை லீகுக்கு வீரர்களை அனுப்பும் முதன்மையான வாசல்கள் இந்த மூன்று தொடர்கள்தாம்.

1966-க்கு முன்பு மேற்கில் இளையோர் ஹாக்கி மாகாணவாரியாகப் பிரிந்து கிடந்தது. ஆல்பர்ட்டாவுக்கு ஒரு தொடர், சஸ்காச்சுவானுக்கு ஒன்று, மனிடோபாவுக்கு ஒன்று. அணிகள் பெரும்பாலும் என்ஹெச்எல் அணிகளின் ஆதரவில் இயங்கின. எஸ்டவன் நகர அணி ‘புரூயின்ஸ்’ என்றும் வேபர்ன் அணி ‘ரெட் விங்ஸ்’ என்றும் பெயர் தாங்கியது தற்செயலன்று. முன்னதை பாஸ்டனும் பின்னதை டெட்ராய்ட்டும் பேணிவந்தன. ஒரு சிறுவன் பதின்ம வயதில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் அவனுடைய தொழில்முறை எதிர்காலம் குறிப்பிட்ட ஒரு என்ஹெச்எல் அணிக்குச் சொந்தமாகிவிடும். என்ஹெச்எல் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வீரர் தேர்வு முறை 1963-இல் தொடங்கியபின் இந்த ஆதரவு ஏற்பாடு படிப்படியாக மறைந்தது. பெரிய அணிகளின் பணத்தை நம்பியிருந்த மேற்கத்திய அணிகள் இனித் தம் காலில் நிற்க வேண்டியதாயிற்று. நுழைவுச்சீட்டு விற்பனையே வருமானம் என்றாகிவிட்டபின், பலவீனமான அணியோடு நடக்கும் ஒருதலைப்பட்சமான ஆட்டங்களைக் காட்டி ரசிகர்களைத் தக்கவைக்க முடியாது.

எட்மன்டன் ஆயில் கிங்ஸ் அணிக்கு இந்தச் சிக்கல் மற்றெவரையும்விடக் கடுமையாக இருந்தது. 1960 முதல் 1966 வரை தொடர்ந்து ஏழு முறை மெமோரியல் கோப்பை இறுதிச் சுற்றுக்குச் சென்ற அணி அது. 1963-இலும் 1966-இலும் கோப்பையை வென்றது. 1966 இறுதிச் சுற்றில் அது வீழ்த்திய ஒஷாவா அணியில் காயத்தோடு ஆடியவர், பின்னாளில் ஆட்டத்தின் போக்கையே மாற்றிய பாபி ஓர். இத்தகைய அணிக்கு ஆல்பர்ட்டாவுக்குள் தகுந்த எதிரி இல்லை. அணியை நடத்திய பில் ஹன்டர், மேற்கின் வலுவான அணிகளெல்லாம் மாகாண எல்லைகளைக் கடந்து ஒரே தொடரில் ஆடினால்தான் ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் ஈடுகொடுக்க முடியும் என்று வாதிட்டார். ஸ்காட்டி மன்ரோ, டெல் வில்சன், ஜிம் பிகட் ஆகிய சஸ்காச்சுவான் அணி நிர்வாகிகள் அவரோடு சேர்ந்தார்கள்.

1966-இல் ஏழு அணிகளுடன் புதிய தொடர் பிறந்தது. எட்மன்டன், கால்கரி ஆகிய இரு பெருநகரங்களோடு ரெஜைனா, சாஸ்கட்டூன், மூஸ் ஜா, எஸ்டவன், வேபர்ன் ஆகிய ஐந்து சஸ்காச்சுவான் ஊர்கள் இருந்தன. இந்த ஐந்தும் வெளியேறியதால் சஸ்காச்சுவானின் பழைய இளையோர் தொடர் அப்போதைக்குக் கலைந்துபோனது. கனடிய அமெச்சூர் ஹாக்கிச் சங்கம் இதனை ஏற்கவில்லை. புதிய தொடரைச் சட்டவிரோதமானது என்று அறிவித்து, அதில் ஆடியவர்களை இடைநீக்கம் செய்தது. ஹன்டரும் கூட்டாளிகளும் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டு மனிடோபாவிலிருந்து பிரான்டன், வினிபெக், ஃபிளின் ஃபிளான் அணிகளும் சேர்ந்துகொண்டன. இடையில் தணிந்திருந்த சங்கத்துடனான பூசல் 1968-இல் மறுபடியும் வெடித்தபோது ரெஜைனா, மூஸ் ஜா, வேபர்ன் ஆகிய மூன்றும் சங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டன. 1970-இல் சமாதானம் ஏற்பட்டது; இளையோர் ஹாக்கி இரண்டு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, மேற்குத் தொடர் மேலடுக்கில் அங்கீகாரம் பெற்றது. நான்கு ஆண்டு பிடிவாதத்தின் பலன் அது. ஹன்டரின் கலகத்தைத் தன்னலம் என்று எழுதியவர்கள் அன்று இருந்தார்கள். வணிக நோக்கம் அதில் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் வளைந்துகொடுத்திருந்தால் மேற்கின் நல்ல வீரர்கள் கிழக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த முதல் ஆண்டுகளின் இயல்பை அறிய ஃபிளின் ஃபிளானைப் பார்க்க வேண்டும். மனிடோபாவும் சஸ்காச்சுவானும் சந்திக்கும் எல்லையில், பாறைகளுக்கிடையே செம்பும் துத்தநாகமும் தோண்டுவதற்காக எழுந்த சுரங்க ஊர் அது. அருகில் எந்த நகரமும் கிடையாது. எதிரணிகள் பேருந்தில் மணிக்கணக்காகப் பயணித்து அங்கே போய்ச் சேரும்போதே களைத்துவிடும். பேடி கின்னெல் பயிற்சியளித்த பாம்பர்ஸ் அணி, முரட்டு ஆட்டத்தாலும் சொந்த ஊர் ரசிகர்களின் ஆரவாரத்தாலும் 1969-இலும் 1970-இலும் தொடரை வென்றது. அந்த அணியின் நட்சத்திரம் உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகனான பாபி கிளார்க். முதல் பருவத்தில் 168 புள்ளிகளும் இரண்டாம் பருவத்தில் 137 புள்ளிகளும் எடுத்தவர் (தான் அடித்த கோல்களையும் பிறர் அடிக்க உதவிய கோல்களையும் சேர்த்த எண்ணிக்கையே புள்ளிகள்). ஆனாலும் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய் இருந்ததால் என்ஹெச்எல் அணிகள் அவரை எடுக்கத் தயங்கின. கின்னெல் அவரை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உடலைப் பேணிக்கொண்டால் தொழில்முறை ஹாக்கி ஆடலாம் என்று மருத்துவர்களிடம் எழுதி வாங்கினார். அப்படியும் 1969 தேர்வில் பதினாறு பெயர்கள் அழைக்கப்பட்ட பின்னரே ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது. 1974-இலும் 1975-இலும் அந்த அணி என்ஹெச்எல்லின் வாகையர் பெறும் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதன் தலைவர் கிளார்க்தான். ஒரு சிற்றூர்ப் பயிற்சியாளர் தன் வீரனுக்காக இவ்வளவு தூரம் மெனக்கெட்டதில் இந்தத் தொடரின் சிறந்த பக்கம் வெளிப்படுகிறது.

1970-களில் பணமும் போட்டியும் பெருகின. 1972-இல் என்ஹெச்எல்லுக்கு எதிராக வேர்ல்ட் ஹாக்கி அசோசியேஷன் தொடங்கியபோது, எட்மன்டனில் ஹன்டரும் வினிபெக்கில் பென் ஹாட்ஸ்கினும் தொழில்முறை அணிகளை நிறுவினார்கள். ஹாட்ஸ்கின் வினிபெக்கின் இளையோர் அணியை நடத்தியவர். சிகாகோவின் நட்சத்திர வீரர் பாபி ஹல்லைப் பெருந்தொகை கொடுத்து இழுத்துக்கொண்டவரும் அவரே. இளையோர் தொடரின் நிறுவனர்கள் எழுப்பிய இந்தத் தொழில்முறை அணிகளே பிறகு இளையோர் அணிகளின் ரசிகர்களைப் பறித்துக்கொண்டன. எட்மன்டனில் கூட்டம் குறைந்தது. 1976-இல் ஆயில் கிங்ஸ் அணி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லன்டுக்குக் குடிபெயர்ந்து வின்டர் ஹாக்ஸ் ஆனது. மறு ஆண்டு கம்லூப்ஸ் அணி சியாட்டிலுக்குப் போயிற்று. எல்லை தாண்டிவிட்ட பிறகு ‘வெஸ்டர்ன் கனடா ஹாக்கி லீக்’ என்ற அப்போதைய பெயரில் ‘கனடா’ என்ற சொல் பொருந்தாமல் போகவே, 1978-இல் தொடர் இன்றைய பெயரைச் சூடிக்கொண்டது. அதே ஆண்டில் ஃபிளின் ஃபிளானும் தன் அணியை இழந்தது.

இதே பத்தாண்டில் மேற்கின் வலிமை நாட்டளவில் நிறுவப்பட்டது. 1974-இல் ரெஜைனா பாட்ஸ் மெமோரியல் கோப்பையை வென்றது. லீக் தோன்றியபின் அதன் அணி ஒன்று பெற்ற முதல் வெற்றி அது. 1917-இல் நிறுவப்பட்டு, இளவரசி பட்ரீஷியாவின் பெயரைத் தாங்கிய பாட்ஸ், இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் மேஜர் ஜூனியர் அணிகளில் மிகப் பழையது. அடுத்து எஸ்டவனிலிருந்து பசிபிக் கரைக்குப் பெயர்ந்திருந்த நியூ வெஸ்ட்மின்ஸ்டர் புரூயின்ஸ், எர்னி ‘பஞ்ச்’ மெக்லீனின் பயிற்சியில் 1975 முதல் 1978 வரை நான்கு முறை தொடரையும், கடைசி இரண்டு ஆண்டுகளில் மெமோரியல் கோப்பையையும் கைப்பற்றியது. அச்சுறுத்தலையே உத்தியாகக் கொண்ட அணி அது. 1979-இல் போர்ட்லன்டுடன் நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவில் மூண்ட கைகலப்பு நீதிமன்றம் வரை சென்றது. அன்றைய வெற்றிகளை வியக்கிற பலரும் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பையன்களிடம் அடிதடியை ஒரு திறமையாக எதிர்பார்த்த காலம் அது என்பதை மறைக்கக் கூடாது.

இந்தக் கொந்தளிப்பை ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் எட் சைனோவெத். சாஸ்கட்டூன் பிளேட்ஸ் அணியின் நிர்வாகத்திலிருந்து வந்து, 1970-களின் தொடக்கம் முதல் 1995 வரை, இடையில் ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, தலைவராக இருந்தார். மூன்று தொடர்களையும் 1975-இல் ஒரே குடையின் கீழ் சேர்த்ததிலும் அவருடைய பங்கு பெரிது. மெமோரியல் கோப்பையை ஏற்று நடத்தும் ஊரின் அணிக்கும் போட்டியில் இடம் தரும் வழக்கம் 1983-இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் போட்டியை நடத்திய போர்ட்லன்டே கோப்பையையும் வென்று, அதைப் பெற்ற முதல் அமெரிக்க அணியாயிற்று. 1990-இல் தொடங்கிய பதின்மச் சிறுவர் தேர்வு முறையும், 1993-இல் தொடங்கிய கல்வி உதவித்தொகையும் அவருடைய காலத்தவையே. முன்னதால், கைக்கு எட்டிய சிறுவர்களையெல்லாம் பெரிய அணிகள் வளைத்துப் போடுவது நின்றது. சிறுநகர அணிகளுக்கும் நல்ல வீரர்கள் கிடைத்தார்கள். பின்னதன்படி, ஒருவர் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணமும் நூற்செலவும் வழங்கப்படும். இன்று தொடர் வாகையர் பெறும் கோப்பை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

சிறுநகரங்கள் நிலைத்ததற்கான காரணங்களை இங்கே சொல்வது பொருந்தும். மூஸ் ஜா, ஸ்விஃப்ட் கரண்ட், லெத்பிரிட்ஜ், பிரின்ஸ் ஆல்பர்ட் ஆகிய ஊர்களின் அணிகள் தனி முதலாளிகளுக்குச் சொந்தமானவை அல்ல, ஊராருக்குப் பொதுவானவை. லாபம் குறைந்த ஆண்டில் விற்றுவிட்டுப் போக அங்கே யாரும் இல்லை. வெளியூரிலிருந்து வரும் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டில் தங்கவைத்து, உணவளித்து, பள்ளிக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்கின்றன. இத்தகைய வீடுகளை அங்கே ‘பில்லெட்’ என்பார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஏழு மாதங்கள் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை இரவு பனித்தளத்தில் இறங்கினால், நாம் எப்படி ஆட்டத்துக்குப் போகாமல் இருப்போம்? குளிர்காலம் முழுதும் ஊர் கூடுவதற்கு அந்த அரங்கைவிட்டால் வேறு இடமும் அதிகம் இல்லை. இதற்கான விலை பயணம்தான். மனிடோபாவின் பிரான்டனுக்கும் ஆரிகனின் போர்ட்லன்டுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. ஏறத்தாழ எல்லா அணிகளும் பேருந்திலேயே போகின்றன.

அந்தப் பேருந்துகளில் ஒன்று 1986 டிசம்பர் 30 அன்று, ஸ்விஃப்ட் கரண்ட் புரான்கோஸ் அணியை ரெஜைனாவுக்கு ஏற்றிச் சென்றபோது, ஊருக்குக் கிழக்கே நெடுஞ்சாலையில் உறைபனியில் வழுக்கிக் கவிழ்ந்தது. பின்பகுதியில் சீட்டாடிக்கொண்டிருந்த டிரென்ட் கிரெஸ், ஸ்காட் குரூகர், கிறிஸ் மான்டைக்கா, பிரென்ட் ரஃப் ஆகிய நால்வர் இறந்தனர். அந்த ஆண்டுதான் லெத்பிரிட்ஜிலிருந்து திரும்பிவந்திருந்த அணி அது. வீரர்கள் பருவத்தை முடிக்க முடிவு செய்து தொடர்ந்து ஆடினார்கள். பிற்காலத்தில் என்ஹெச்எல்லில் புகழ்பெற்ற ஜோ சாக்கிக்கும் அந்தப் பேருந்தில் இருந்தவரே. 1989-இல் அதே புரான்கோஸ், சாஸ்கட்டூனில் நடந்த மெமோரியல் கோப்பை இறுதியாட்டத்தில் அந்த ஊர் அணியையே கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது. தொடரின் மிகச் சிறந்த வீரருக்கான விருது இன்று அந்த நால்வரின் நினைவாக வழங்கப்படுகிறது.

பல ஆண்டுகள் இக்கதை மீண்டெழுதலின் கதையாக மட்டுமே சொல்லப்பட்டது. அந்த அணியின் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ் தன் பொறுப்பிலிருந்த சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவர் என்பது, விபத்தில் உயிர்தப்பிய ஷெல்டன் கென்னடி வெளிப்படையாகப் பேசிய பிறகே உலகுக்குத் தெரிந்தது. 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். மூஸ் ஜாவில் அவரிடம் ஆடிய தியோ ஃபிளூரியும் பின்னர் பேசினார். 2012-இல் இரண்டாவது முறை தண்டனை கிடைத்தது. விதிவிலக்கான ஒரு மனிதன் செய்த தீமை என்று இதனை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. வீட்டைவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்த பதினாறு வயதுப் பையனுடைய ஆட்ட நேரம், எதிர்காலம், ஊருக்குத் திரும்பும் உரிமை அத்தனையும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. கேள்வி கேட்பார் எவரும் இல்லை. அந்த அமைப்பே குற்றத்துக்கு இடம் கொடுத்தது. கென்னடி 1998-இல் சக்கரக் காலணியில் கனடாவைக் குறுக்காகக் கடந்து விழிப்புணர்வு பரப்பினார். அவருடைய முயற்சியால் உருவான பயிற்சித் திட்டங்களை இன்று கனடாவின் பல விளையாட்டு அமைப்புகள் பயிற்சியாளர்களுக்குக் கட்டாயமாக்கியுள்ளன. 2018-இல் சஸ்காச்சுவானின் வேறொரு தொடரில் ஆடும் ஹம்போல்ட் அணியின் பேருந்து விபத்தில் பதினாறு பேர் இறந்தபோது, கென்னடியும் 1986 விபத்தில் பிழைத்த வேறு சிலரும் துயருற்றோருடன் இருக்க அந்த ஊருக்குச் சென்றார்கள்.

ஆட்ட வரலாற்றில் அடுத்த உச்சம், கம்லூப்ஸ் ஊருக்குப் பின்னர் கிடைத்த வேறோர் அணியான பிளேசர்ஸ். 1992, 1994, 1995 என நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று மெமோரியல் கோப்பைகளை வென்ற அணி அது. ஜரோம் இகின்லாவும் ஷேன் டோனும் அங்கே வளர்ந்தவர்கள். அதற்குப்பின் போர்ட்லன்ட், ரெட் டியர், கூட்டனே, கெலோனா, வான்கூவர், ஸ்போக்கேன் ஆகியவை ஒவ்வொரு முறை வென்றன. 2014-இல் வென்றது எட்மன்டன். பழைய பெயரில் 2007-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி அது. அதற்கடுத்து 2025 வரை மேற்கு அணி எதுவும் கோப்பையைத் தொடவில்லை. ஆனால் தனி வீரர்களின் தரம் தாழவில்லை. ரெஜைனாவின் கானர் பெடார்ட் பதினைந்து வயதிலேயே முழுப் பருவமும் ஆடச் சிறப்பு அனுமதி பெற்ற முதல் மேற்கத்திய வீரர். 2022-23 பருவத்தில் 57 ஆட்டங்களில் 71 கோல்களும் 143 புள்ளிகளும் எடுத்து, 2023 தேர்வில் முதலிடத்தில் சிகாகோவுக்குச் சென்றார்.

அணிகளின் இடப்பெயர்ச்சி இன்றும் நிற்கவில்லை. சைனோவெத் குடும்பம் 1996-இல் எட்மன்டனில் தொடங்கிய ஐஸ் அணி, 1998-இல் கிரான்புரூக் என்ற மலைநகருக்கும், 2019-இல் வினிபெக்குக்கும், 2023-இல் வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சிக்கும் போனது. கிரான்புரூக்கில் ‘கூட்டனே’ என்ற பெயரில் இருந்தபோதுதான், 2002-இல், அது மெமோரியல் கோப்பையை வென்றது. அந்த ஊருக்கு இன்று இத்தொடரில் அணி இல்லை. சிறுநகரங்கள் நிலைத்தன என்று பொதுவாகச் சொல்லும்போது, நிலைக்காமல் போன எஸ்டவன், வேபர்ன், ஃபிளின் ஃபிளான், கிரான்புரூக் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊர்ப்பொது அணிகள் இருந்த இடத்தில் இருக்க, தனியார் அணிகள்தாம் அதிகம் நகர்ந்தன என்பதும் கவனிக்கத்தக்கது.

வீரர்கள் தொழிலாளர்களா மாணவர்களா என்ற வழக்கு 2010-களில் எழுந்தது. குறைந்தபட்ச ஊதியம் கேட்டு முன்னாள் வீரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். தொழிலாளர் ஊதியச் சட்டத்திலிருந்து இளையோர் அணிகளுக்கு விலக்களிக்கும் விதிகளை மேற்கு மாகாண அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தன. ஊதியம் கொடுத்தால் சிற்றூர் அணிகள் மூடப்படும் என்ற வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆயினும் வாரத்துக்குப் பல நாள் பயணமும் பயிற்சியும் ஆட்டமுமாக உழைக்கும் இளைஞருக்கு உதவித்தொகை ஒன்றே போதும் என்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இப்போது நடந்துகொண்டிருக்கும் மாற்றம், 1970-க்குப் பிந்தைய எதையும்விடப் பெரியது. மேஜர் ஜூனியரில் ஒருமுறை ஆடியவரைத் தொழில்முறை வீரராகக் கருதி அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி நெடுங்காலம் விலக்கிவைத்திருந்தது. பதினாறு வயதில் எடுத்த முடிவு ஒரு வாசலை நிரந்தரமாக அடைத்துவிடும். 2024 நவம்பரில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ அந்தத் தடையை நீக்க வாக்களித்தது. 2025 ஆகஸ்ட் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதன் விளைவுகள் இரு திசையிலும் தெரிகின்றன. முன்பு கல்லூரிக்காக இத்தொடரைத் தவிர்த்த பதினாறு, பதினேழு வயது வீரர்கள் இப்போது வருகிறார்கள். கல்லூரி வழிக்கு வீரர்களைத் தயார்செய்வதில் பேர்பெற்றிருந்த பென்டிக்டன் வீஸ் அணியே 2025-26 பருவத்தில் இத்தொடரில் இணைந்தது. மறுபுறம், மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணிக்காக 2024-25-இல் 56 ஆட்டங்களில் 129 புள்ளிகள் எடுத்துத் தொடர் வாகை சூட உதவிய யூகான் பிரதேசத்து கேவின் மெக்கென்னா, பதினேழு வயதிலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துகொண்டு வெளியேறினார். பத்தொன்பது, இருபது வயது வீரர்களின் அனுபவத்தை நம்பியே சிறுநகர அணிகள் தம் வெற்றிச் சுழற்சியைத் திட்டமிட்டுவந்தன. அந்த வயதினர் கல்லூரிக்குப் போய்விட்டால், ஐந்தாண்டு கணக்குப் போட்டு அணியைக் கட்டும் பழைய முறை செல்லுபடியாகாது. மூன்றாண்டுகளுக்குள் ஒரு சிறுவனைக் கண்டெடுத்து, வளர்த்து, அவனை வைத்து வெல்ல வேண்டியிருக்கும். அதற்கேற்பத் தேர்வையும் பயிற்சியையும் மாற்றியமைக்கும் வேலையில்தான் ஸ்விஃப்ட் கரண்டும் மூஸ் ஜாவும் பிரின்ஸ் ஆல்பர்ட்டும் இப்போது இறங்க வேண்டியிருக்கிறது.